ஒரு புள்ளி தள்ளி

மாட்டுங்காவில் டாக்டர், வக்கீல், ரயில்வே ஆபீசர் வீட்டு வாசல்களில் மின்னிய பித்தளைப் பெயர்ப்பலகைகளில் பாதி, தாராவியில் பூதத்தான் கையால் வெட்டியவை. அவனுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த எழுத்தையும் தாளில் எழுதிக் காட்டினால் போதும், பித்தளையில் அச்சு அசலாகக் கொண்டுவந்துவிடுவான். எம்.பி.பி.எஸ். என்பதை எத்தனையோ தடவை வெட்டியிருக்கிறான். அது எத்தனை வருஷப் படிப்பு என்று கேட்டால் தலையைச் சொறிவான்.

திசையன்விளைப் பக்கத்திலிருந்து இருபது வயதில் பம்பாய்க்கு வந்தவன், முகம்மது ஹனீப்பின் பட்டறையில் சேர்ந்து பதினாறு வருஷம் ஆகியிருந்தது. ஹனீப் மேலப்பாளையத்துக்காரர். வருகிறவர்களிடமெல்லாம், "பூதம் தட்டுன தகடு திரும்பி வந்ததா சரித்திரமே கெடையாது" என்று சொல்லிக்கொண்டிருப்பார். காது கேளாதவன்போலக் குனிந்து வேலை செய்தாலும் பூதத்தானுக்கு அந்தப் பேச்சு வெல்லக்கட்டி.

1964-ஆம் வருஷம் செம்பூரில் கண் தெரியாதவர்களுக்கான தொழிற்கூடம் ஒன்று புதுக் கட்டடத்துக்குக் குடிபோக இருந்தது. அங்கே கிளார்க்காக இருந்தவர் வானமாமலை. மாட்டுங்காவில் தன் வீட்டு வாசலுக்குப் பெயர்ப்பலகை செய்து வாங்கிய பழக்கத்தில் பட்டறைக்கு வந்தார்.

"பதினாலு ரூம். ஒவ்வொரு கதவுக்கும் ஒரு தகடு. வெறும் நம்பர்தான். ஆனா கண்ணால படிக்கிற நம்பர் இல்லை, விரலால படிக்கிறது. உம்மால முடியுமா?"

பையிலிருந்து கெட்டியான தாள்துண்டுகளை எடுத்துக் கொடுத்தார். அங்கே பாடம் சொல்லித்தரும் கண் தெரியாத மாஸ்டர் ஊசியால் குத்திக் கொடுத்தவை. பூதத்தான் தடவிப் பார்த்தான். "ரவை சிந்துனாப்புல இருக்கு சாமி" என்றான்.

மாஸ்டர் சொல்லியனுப்பியதை வானமாமலை விளக்கினார். மேலிருந்து கீழாக மூன்று மூன்றாக, இரண்டு வரிசையில் ஆறு இடம். எந்த இடத்தில் புள்ளி இருக்கிறது என்பதுதான் கணக்கு. எண்ணுக்கு முன்னால், 'இது எண்' என்று சொல்ல நாலு புள்ளியில் ஒரு குறி. எல்லா பாஷைக்கும் ஒன்றுதான்.

முதலில் செய்த மாதிரித் தகட்டில் பூதத்தான் புள்ளிகளை ஒவ்வொன்றும் மூக்குத்திபோல நிற்கிற மாதிரி பெரிதாக, தாராளமாக இடைவெளி விட்டுத் தட்டினான். மறுநாளே வானமாமலை அதைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"மாஸ்டர் சிரிச்சுட்டார். எழுத்து முழுக்க ஒரு விரல் நுனிக்குள்ள அடங்கணுமாம். இதைப் படிக்க உள்ளங்கை வேணும்னார்."

பூதத்தானுக்குச் சுருக்கென்றது. அதற்குப் பிறகு இரண்டு நாள் வேறு எந்த வேலையையும் தொடவில்லை. பழைய துளைப்பான் ஊசி ஒன்றின் நுனியைச் சாணையில் பிடித்துக் கடுகுபோல உருட்டினான். எவ்வளவு ஓங்கி அடித்தாலும் குறிப்பிட்ட ஆழத்துக்கு மேல் இறங்காதபடி அதற்கு ஒரு வளையம் போட்டான். எஃகுத் துண்டில் நெருக்கமாக ஆறு துளை போட்டு வழிகாட்டி செய்துகொண்டான். கீழே ஈயக்கட்டியை வைத்து, தகட்டைக் குப்புறப் போட்டு, துளை வழியே அடித்தால் மறுபக்கம் புள்ளி எழும்பும். எல்லாத் தகட்டிலும் வருகிற அந்த நாலு புள்ளிக் குறிக்கு மட்டும் தனியாக ஓர் அச்சே செய்துவிட்டான்.

பின்பக்கமிருந்து அடிப்பதால் இடது வலதாகிவிடும் அல்லவா? அதற்காக ஒன்று முதல் பதினாலு வரை எல்லா எண்களையும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பி வரைந்து சுவரில் ஒட்டிக்கொண்டான். இரண்டாவது மாதிரியை மாஸ்டர் தொட்ட நொடியில் படித்துவிட்டாராம்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் வானமாமலை வந்து பட்டறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். பதின்மூன்று தகடு முடிந்து காகிதத்தில் சுற்றியாகிவிட்டது. ஆறாம் நம்பர்த் தகட்டில் கீறல் விழுந்திருந்ததால், மிச்சமிருந்த பித்தளையில் புதிதாக ஒன்று வெட்டிக் கடைசியாக வைத்திருந்தான். குறியை அச்சால் அடித்தான். எண்ணை அடிக்கப் போகிற நேரத்தில், வந்திருந்த வேறு ஆளிடம் ஒரு பலகையைக் காட்டச் சொல்லி ஹனீப் கூப்பிட்டார். போய்க் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தவன், சுவரைப் பார்க்காமல் கையருகே கிடந்த மாஸ்டரின் தாளைப் பார்த்து அடித்துவிட்டான்.

திருப்பிப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மேலே இரண்டு புள்ளி சரியாக இருந்தன. மூன்றாவது, அவற்றுக்கு அடுத்தபடியாக நடுவில் இடது பக்கம் நிற்க வேண்டியது, வலது பக்கம் நின்றது.

பித்தளை தீர்ந்துவிட்டது. வாங்கிவர வேண்டுமென்றால் இன்றைக்கு ஆகாது. வாசலில் வானமாமலை கடிகாரத்தைப் பார்த்தார். "ஜல்தி முடி பூதம், சாமிக்கு நேரமாவுது" என்றார் ஹனீப். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக, கெட்டுப்போச்சு என்று சொல்ல வேண்டிய இடத்தில் பூதத்தான் நின்றான். அந்த வார்த்தை வாய்வரை வந்தது. 'ஒரே ஒரு புள்ளிதானே, மூணு புள்ளிக்கு மூணு இருக்கு, தொடுகிற விரல் புரிந்துகொள்ளும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். எமரித் தாளால் பளபளவென்று தேய்த்தான். காகிதத்தில் சுற்றினான். கொடுத்துவிட்டான்.

மாஸ்டரிடம் எல்லாவற்றையும் ஒருதரம் காட்டிவிட்டுத்தான் மாட்ட வேண்டும் என்பது வானமாமலைக்கு உத்தரவு. மறுநாள் விழா. அவருக்கும் நேரமில்லை, காட்டாமலே மாட்டிவிட்டார்.

மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அங்கே வேலை கற்றுக்கொண்டிருந்தவர்களையெல்லாம் முதல் நாளே கையைப் பிடித்து நடத்தி இடம் காட்டியிருந்தார்கள். எத்தனை அடி நடந்தால் எந்தக் கதவு என்று அவர்களுக்கு மனப்பாடம். தகட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை. பூதத்தானும் மறந்துபோனான், அல்லது மறந்துபோனதாக நினைத்தான்.

ஒரு நாள் காலை, பட்டறை திறந்தவுடன் வானமாமலை வந்தார். முகம் வெளுத்திருந்தது. கைக்குட்டையில் சுற்றியிருந்ததை எடுத்து வைத்தார். ஆறாம் நம்பர்த் தகடு.

"இதுல என்ன போட்டிருக்கீர் தெரியுமா? நாலு. நாலாம் ரூம் தகட்டோட வச்சுப் பார்த்தேன், ரெண்டும் ஒண்ணு. ஆறைத் திருப்பிப் போட்டா நாலு. அந்த எழுத்து அப்படி."

பூதத்தான் தகட்டைக் கையில் வாங்கினான்.

"ஆறாம் ரூம்லதான் மெழுகு காய்ச்சறா. நேத்திக்கு ஒரு புதுப் பொண்ணு நாலாம் ரூமுக்குப் போக வேண்டியவ இதைத் தொட்டுட்டு உள்ள போயிட்டா. சாப்பாட்டு நேரம், யாருமில்லை. கையிலே கொஞ்சம் காயம். நான் சாயங்காலமே இதைக் கழட்டிட்டேன். சரியா ஒண்ணு உடனே அடிச்சுக் குடும். மூச்சு விடாதேயும். என் வேலை இன்னும் நிரந்தரம் ஆகலை. உம்ம மேலயும் வரும், என் மேலயும் வரும்."

கொஞ்சம் காயம் என்றாரே, அதைப் பிடித்துக்கொண்டான் பூதத்தான். ஒரு மணி நேரத்தில் புதிய தகடு தயார். சுவரில் ஒட்டியிருந்த படத்தை மூன்று தடவை பார்த்து அடித்தான். "அந்தப் பழசை நசுக்கிப் போட்டுடும்" என்று சொல்லிவிட்டு வானமாமலை போனார். பூதத்தான் சுத்தியலை எடுத்தான். அடிக்கக் கை வரவில்லை. ராவுகிற அரங்கள் போட்டுவைத்திருந்த பெட்டியின் அடியில் அதைப் போட்டு மூடினான்.

பத்து நாள் கழித்து, அவன் மனைவி சொர்ணம்மாள் தண்ணீர்க் குழாயடியிலிருந்து குடத்தோடு ஒரு சேதியையும் கொண்டுவந்தாள்.

"அடுத்த சந்துல சுயம்பு இருக்காருல்லா, அவரு தங்கச்சி சண்முகவடிவு, கண்ணு தெரியாத பிள்ளை. செம்பூர்ல வேலைக்குப் போன எடத்துல கொதிக்கிற மெழுகுக்குள்ள கைய விட்டுட்டாளாம். அதைவிடக் கொடுமை கேளுங்க. அவளுக்குப் புள்ளி எழுத்தே படிக்கத் தெரியாது, தெரியும்னு பொய் சொல்லி வந்திருக்கா, காயம் ஆறுனதும் அனுப்பிருவோம்னு சொல்லிட்டாவளாம். ஒரு எட்டு பாத்துட்டு வருவோம், வாங்க."

வரமாட்டேன் என்று சொல்ல அவனுக்குக் காரணம் கிடைக்கவில்லை.

சுயம்புவின் வீடு, பம்பாய்ப் பேச்சில் கோலி, ஒற்றை அறைதான். சண்முகவடிவு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இருபத்துநாலு வயது இருக்கும். வலது கை முழங்கைவரை கட்டு. ஐந்து வயதில் அம்மை கண்ணைக் கொண்டுபோனது. ஊரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவதுவரை படித்தவள். வகுப்பிலேயே வேகமாகப் படிக்கிற விரல் அவளுடையது என்று சுயம்பு சொன்னான். செம்பூரில் ஆறு மாதம் வேலை பழகினால், அங்கேயே பெண்களுக்குப் படிப்புச் சொல்லித்தருகிற வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்களாம்.

சுயம்புவின் மனைவி காப்பி கொடுத்தாள். சண்முகவடிவு குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"அண்ணாச்சி என்ன வேலை பாக்கிய?"

"பித்தளை வேலைம்மா."

"அப்ப உங்களுக்குத் தெரியும்லா. பித்தளையில போட்ட புள்ளி தானா எடம் மாறுமா?"

"அது எப்படி மாறும்?" என்றாள் சொர்ணம்மாள், கணவனுக்குப் பதிலாக.

"அதான் நானும் கேக்கேன். அன்னைக்கு நான் தொட்டப்ப நாலு. ஒருதரத்துக்கு ரெண்டுதரம் தொட்டேன். பெறவு மாஸ்டர் தொட்டுப் பாத்துட்டு ஆறுன்னு சொல்லிட்டாரு. மாஸ்டர் பொய் சொல்ல மாட்டாரு. அப்ப என் விரல்தான் பொய் சொல்லியிருக்கு." அவள் இடது கையால் கட்டுப் போட்ட கையை மெல்லத் தடவினாள். "கண்ணு போனப்ப எனக்கு ஒண்ணும் தெரியாத வயசு. இது அப்படி இல்ல அண்ணாச்சி. இப்ப எதைத் தொட்டாலும், இது இதுதானான்னு சந்தேகமா இருக்கு. டம்ளரைத் தொட்டாக்கூட."

பூதத்தான் காப்பியைக் குடித்து முடித்தான். காலி டம்ளரைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். போகும்போது, "சரியாயிரும்மா" என்று சொன்னான். சொன்ன வாயை அறையலாம்போல இருந்தது.

அடுத்த நாலைந்து நாள் அவன் ஆளாக இல்லை. ஒரு வக்கீலின் பெயரில் ஓர் எழுத்தை இரண்டு தடவை வெட்டிவைத்தான். சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் தள்ளினான். வெந்துபோன கையை நினைத்தால்கூட எப்படியோ தாங்கிக்கொள்ள முடிந்தது. மருந்து போடுகிறார்கள், ஆறும். ஆனால் டம்ளரைத் தொட்டுச் சந்தேகப்படுகிறாளே, அதற்கு மருந்து அவன் பெட்டியின் அடியில் கிடந்தது. இரண்டாவது தகட்டை அடிக்காமல் இருந்திருந்தால் கதவு வெறுமையாக நின்றிருக்கும், மாஸ்டர் பழைய தகட்டைக் கேட்டு வாங்கித் தொட்டிருப்பார், அன்றைக்கே உண்மை வெளியே வந்திருக்கும். முதலில் அடித்தது கைத்தவறு என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதை அவன் மிகச் சரியாக அடித்திருந்தான்.

கடைசியில் ஹனீப்பிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவர் தாடியைத் தடவினார்.

"நீ போய்ச் சொன்னா பட்டறை பேரு கெடும். அந்த கிளார்க்கு வேலை போவும். அவரும் பிள்ளைகுட்டிக்காரரு."

"தெரியும் மொதலாளி."

"சொல்லாட்டி நீ இப்படியேதான் உக்காந்திருப்ப. ஒன் மொகத்தப் பாத்துக்கிட்டு நானும் இங்க உக்கார முடியாது. போ. எடுத்துட்டுப் போ."

அன்று சாயங்காலம் சுயம்புவின் கோலிக்குத் தனியாகப் போனான். வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். பேச்சு எதுவும் வரவில்லை. பெட்டியிலிருந்து எடுத்துவந்த தகட்டை அவளுடைய இடது கையில் வைத்தான். பழக்கமில்லாத விரல். திரும்பத் திரும்பத் தடவியது. தகட்டின் ஓரத்தை, திருகாணித் துளைகளை, குறியை, பிறகு எண்ணை.

"நாலு" என்றாள். உடனே நிமிர்ந்தாள். "இது அங்க இருந்த தகடுலா? ஓரத்துல இந்த மழுங்கல் இருந்துச்சு. யாரு வந்திருக்கது?"

"நான்தாம்மா. பூதத்தான். இதைச் செஞ்சது நான்தான். ஆறு போட வேண்டிய எடத்துல தப்பா அடிச்சிட்டேன். பெறவு வேற தகடு அடிச்சுக் குடுத்ததும் நான்தான்."

சுயம்பு பாய்ந்து சட்டையைப் பிடித்தான். பித்தான் தெறித்து எங்கேயோ ஓடியது. பூதத்தான் கையைத் தூக்கவில்லை.

"அண்ணா, விடு" என்றாள் சண்முகவடிவு. "அன்னைக்கு இங்க வந்து உக்காந்திருந்தப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"புள்ளி எடம் மாறுமான்னு நான் கேட்டப்ப?"

"அப்பவும் தெரியும்."

அவள் தகட்டை மடியில் வைத்து விரலை ஓட்டிக்கொண்டே இருந்தாள். "நாலு. நாலுதான். நான் சரியாத்தான் படிச்சிருக்கேன் அண்ணா" என்று அண்ணனிடம் சொன்னாள்.

மறுநாள் மூன்று பேரும் செம்பூருக்குப் பஸ்ஸில் போனார்கள். சூப்பரின்டெண்டென்ட் ஒரு பார்சிக்காரர். மேஜைமேல் தகட்டை வைத்து, தனக்குத் தெரிந்த பம்பாய் இந்தியில் பூதத்தான் நடந்ததைச் சொன்னான். மாஸ்டரை வரவழைத்துத் தொடச் சொன்னார்கள். தொட்டதும் அவர் முகம் சுருங்கியது. கூப்பிட்டனுப்பிய வானமாமலை வாசலிலேயே பூதத்தானைப் பார்த்துவிட்டார். ஒன்றையும் மறுக்கவில்லை. "நான்தான் மாத்தினேன்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்கே அவருக்கு வேலை போயிற்று. பூதத்தானிடம், இனி இந்த வாசலுக்கு வர வேண்டாம் என்று சூப்பரின்டெண்டென்ட் சொன்னார். சண்முகவடிவிடம் வருத்தம் தெரிவித்தார். அவள் அங்கேயே இருக்கலாம் என்றார்.

இருந்தாள். ஆனால் கட்டுப் பிரித்தபோது வலது கை ஆள்காட்டி விரலின் நுனித்தோல் தடித்து வழவழவென்று ஆகியிருந்தது. இனி அந்த விரலுக்கு நுணுக்கமான உணர்ச்சி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடது விரலைப் பழக்கி எடுக்க இரண்டு வருஷம் ஆயிற்று. அதற்குள் சொல்லித்தருகிற வேலைக்கு வேறு ஒரு பெண் வந்துவிட்டாள். சண்முகவடிவு நாற்காலிக்குப் பிரம்பு பின்னினாள்.

தகட்டு விஷயம் வெளியே வந்த மறு வருஷம் பூதத்தான் வானமாமலையைத் தேடிப் போனான். மாட்டுங்கா வீட்டைக் காலி செய்துவிட்டு முலுண்டில் மைத்துனர் வீட்டோடு இருக்கிறார், ஒரு மருந்துக் கடையில் பில் எழுதுகிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டான். ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி, மாடிப்படி ஏறி, கதவைத் தட்டினான். அவரே திறந்தார். உள்ளே வரச் சொன்னார். மோர் கொண்டுவரச் சொன்னார்.

"மன்னிச்சிருங்க சாமி."

"நீர் போய்ச் சொன்னது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். நானே சொல்லியிருக்கணும். அந்தப் பொண்ணை மாஸ்டர் கேள்வி கேக்கறச்சே நான் பக்கத்துலதான் நின்னேன்." மோர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினார். "ஆனா உம்மைப் பாத்தா, அந்தக் கதவண்டை ஸ்க்ரூவைக் கழட்டிண்டு நின்னேனே, அதுதான் கண்ணு முன்னாடி வருது. இனிமே வராதேயும்."

பூதத்தான் மோரைக் குடித்துவிட்டு, கும்பிட்டுவிட்டு இறங்கினான். ஸ்டேஷனில் இரண்டு வண்டியை ஏறாமல் விட்டான்.

பெயர்ப்பலகை வேலை எப்போதும்போல நடந்தது. புள்ளித் தகடு மட்டும் அவன் தொடவில்லை. 1968-ல் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒன்பது தகடு கேட்டு வந்தார்கள். ஹனீப் அவன் முகத்தைப் பார்த்தார். முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தான். வேறு எவனாவது அடித்து, படிக்கத் தெரிந்தவர் யாரும் தொடாமலே மாட்டிவிடுவானே என்ற நினைப்பு வந்ததும் சரி என்றான்.

ஒன்பதையும் துணியில் சுற்றிக்கொண்டு சண்முகவடிவிடம் போனான். நாலு வருஷத்தில் அவள் அவனை அண்ணாச்சி என்று ஒருதரம்கூடக் கூப்பிட்டதில்லை. தெருவில் அவன் குரல் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுவாள். வந்த விஷயத்தைச் சொன்னான்.

"வச்சிட்டுப் போங்க. நாளைக்கு வாங்க" என்றாள்.

மறுநாள் போனபோது ஏழு தகடு ஒரு பக்கமும் இரண்டு தனியாகவும் கிடந்தன.

"இந்த ரெண்டும் ஆவாது. ஒண்ணுல பிசிறு நிக்கு, விரலைக் கீறுது. இன்னொண்ணுல நடுப்புள்ளி அமுங்கிக் கெடக்கு. அவசரத்துல போறவனுக்கு அது தட்டுப்படாது."

இரண்டையும் புதிதாக அடித்துக் கொண்டுபோனான். அதிலும் ஒன்றைத் திருப்பினாள். மூன்றாம் தடவைதான் சரி என்றாள். ஒன்பதிலும் இருப்பதை ஒரு தாளில் ஊசியால் குத்தியும் கொடுத்தாள். படித்துத் தந்ததற்குக் கூலி என்று நீட்டியதை வாங்கிக்கொண்டாள். அவன் கிளம்பும்போது, "இதை எந்த ஒசரத்துல மாட்டப் போறாவ?" என்று கேட்டாள்.

"தெரியலையேம்மா. வழக்கமா கதவுக்கு மேலதான்..."

"மேல மாட்டுனா யாரு ஏணி வச்சா படிப்பா? நெஞ்சு ஒசரத்துல, கதவுப் பிடி இருக்க பக்கத்துச் சுவத்துல மாட்டச் சொல்லுங்க. கதவுலயே மாட்டுனா, தெறந்து கெடக்கும்போது நாங்க தகட்டைத் தேடி உள்ளயே போயிருவோம்."

செம்பூரில் அந்தப் பதினாலு தகடும் கதவிலேதான் இருந்தன. அது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் பட்டறைக்குப் போகாமல் அளவு நாடாவையும் திருப்புளியையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். தகட்டைக் கொடுத்துவிட்டுப் போனால் போதும், எங்கள் ஆள் மாட்டிக்கொள்வான் என்று அங்கே சொன்னார்கள். பரவாயில்லை, நானே மாட்டித் தருகிறேன் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டான். சாயங்காலம்வரை ஒன்பது சுவரிலும் அளந்து அளந்து மாட்டினான். மாட்டிய ஒவ்வொன்றையும், சண்முகவடிவு தந்த தாளை வைத்து, ஒரு புள்ளி விடாமல் விரலால் எண்ணிப் பார்த்துவிட்டே அடுத்த கதவுக்கு நகர்ந்தான்.